முதுகெலும்பு அறுவைக்குப் பின் ஆறு வார மறுவாழ்வுச் சிகிச்சை: ரப்பர் விளையை விற்க வேண்டுமா?

கேள்வி: குலசேகரத்துக்கு அருகே வசிக்கிறோம். 52 வயதான என் கணவர் எங்களுடைய 80 சென்ட் ரப்பர் விளையிலும் (தோட்டத்திலும்) பக்கத்து விளைகளிலும் பால் வெட்டி வந்தார். சென்ற மாதம் மழையில் சரிவில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு உடைந்ததால், நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். கால்களில் சிறிது அசைவு உண்டு. எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். மறுவாழ்வு மையத்தில் ஆறு வாரம் உள்நோயாளியாகச் சேர்க்க 2,40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். 5 லட்ச ரூபாய் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் 3,45,000 ரூபாய் செலவாகிவிட்டது. மகளின் நர்சிங் படிப்புக்காக வங்கியில் 3 லட்சம் ரூபாய் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறோம். 12 பவுன் நகை இருக்கிறது. நான் முந்திரி ஆலையில் வேலை செய்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணெய் தடவினால் போதும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். விளையை விற்றுச் சேர்ப்பதா, வீட்டுக்கே அழைத்துப் போவதா?

பதில்: சகோதரி, விளையை விற்க வேண்டாம், அவரைச் சேர்ப்பதையும் தள்ளிப்போட வேண்டாம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று உங்கள் வீட்டில் பேசிக்கொள்வதுதான் முடிவெடுக்க முடியாமல் உங்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன்.

மறுவாழ்வு என்ற சொல் பலருக்கு ஓய்வு என்று கேட்கிறது, ஆனால் அங்கே நடப்பது நாள்தோறும் பல மணி நேர உழைப்பு. முதுகைத் திருகாமல் உடலை ஒரே கட்டையாகப் புரட்டுவது, கட்டில் விளிம்பில் சாயாமல் உட்காருவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, பிறகு இணைக் கம்பிகளுக்கு நடுவே நிற்பது என்று படிப்படியாகப் பழக்குவார்கள். அதோடு சிறுநீரையும் மலத்தையும் நேரப்படி கழிக்கும் பயிற்சியும், துணைக்கு நிற்பவருக்கான பயிற்சியும் உண்டு. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அசைவு திரும்புவதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே நிகழ்கிறது என்பதால், ஆறு மாதம் கழித்துச் செலவிடும் அதே 2,40,000 ரூபாய் இன்று செலவிடும் தொகைக்கு ஈடாகாது. அவர் முன்போல் நடப்பார் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுப்பவரை நம்பவும் வேண்டாம். நடை முழுமையாகத் திரும்பாவிட்டாலும், தானே புரண்டு, தானே நாற்காலியில் ஏறக் கற்றவருக்குப் படுக்கைப் புண் வரும் வாய்ப்பு குறைகிறது. ஆழமான ஒரு படுக்கைப் புண்ணுக்கே மீண்டும் ஓர் அறுவையும் பல மாதப் படுக்கையும் தேவைப்படலாம். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் வீட்டுக்கு அழைத்துப் போவது மலிவான வழி அல்ல. வர்மப் புள்ளிகளை அழுத்தியும் எண்ணெய் தடவியும் செய்யும் நம் குமரி மாவட்டத்து வர்ம மருத்துவ மரபில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கம்பி வைத்துச் சில வாரங்களே ஆன முதுகில், அறுவை செய்த மருத்துவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

இனி பணம். முந்திரி ஆலையில் வேலை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்குப் பொருந்தும் இந்தத் திட்டத்தில், காப்பீடு பெற்றவரின் கணவரும் மருத்துவப் பயனுக்கு உரியவர். பிடித்தம் இருந்தால், மறுவாழ்வு மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் சென்று பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பரிந்துரை இல்லாமல் தனியாரிடம் சேர்ந்துவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்துப் பணம் வாங்குவது மிகவும் கடினம். பிடித்தம் இல்லை என்றால், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்குமானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் காட்டி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என்னென்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கத்திலும் கேட்டுப் பாருங்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே அங்கே மறுவாழ்வுப் பிரிவு உண்டு, அதைத் தொடங்கியவரும் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர்தான்.

அடுத்தது உங்கள் பாலிசி. மீதம் 1,55,000 ரூபாய் இருக்கிறது, ஆனால் அது தானாக வந்துவிடாது. சிகிச்சைக்காக அல்லாமல் ஓய்வுக்காகவோ, குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல் போன்ற பராமரிப்புக்காகவோ சேர்க்கப்பட்டால் பணம் கிடையாது என்ற விலக்கு பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளிலும் ஒரே வாசகத்தில் இருக்கிறது, அதன் தலைப்பிலேயே மறுவாழ்வு என்ற சொல்லும் இருப்பதால் நிறுவனங்கள் அதைக் காட்டி எளிதில் மறுத்துவிடுகின்றன. ஆகவே, எந்த நரம்புக் குறைபாட்டுக்காக, எந்தச் சிகிச்சை, நாளுக்கு எத்தனை மணி நேரம், ஏன் உள்நோயாளியாகவே தர வேண்டும் என்பதையெல்லாம் விவரித்து அறுவை மருத்துவர் எழுதிய கடிதத்துடன், சேர்வதற்கு முன்பே அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்கி, முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். இன்னொன்றும் உண்டு: அறுவை மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன நாள் முதல் 60 நாள்வரை மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து, பரிசோதனை போன்ற செலவுகளைத் தனியாகக் கோரலாம் என்பதால், ஒரு ரசீதையும் எறிந்துவிடாதீர்கள். பாலிசி ஏற்கும் தொகையில் 5 சதவீதத்தை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும்.

எதுவுமே கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவோம். சிகிச்சைக்கு 2,40,000 ரூபாயும், சாய்தளம், கைப்பிடி, மேல்நாட்டுக் கழிப்பறை, சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு என் மதிப்பில் 60,000 ரூபாயும் சேர்ந்து 3 லட்சம் ஆகிறது. மகளின் வைப்புத்தொகையை உடைக்காதீர்கள். அதன் பேரில் ஓவர்டிராஃப்ட் (வைப்பை ஈடாகக் காட்டி, தேவைப்படும்போது தேவையான அளவு எடுக்கும் கடன்) கேளுங்கள். வைப்பில் 90 சதவீதம்வரை, பெரும்பாலும் வைப்பு வட்டிக்கு ஒரு சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். 1,50,000 ரூபாய் எடுத்தால் ஓராண்டில் 12,000 ரூபாய் வட்டி ஆகும், அதே தொகைக்கு வைப்பில் உங்களுக்கு 10,500 ரூபாய் வரும். உண்மையான சுமை 1,500 ரூபாய்தான். மகளின் கட்டணத்துக்கு அதே கணக்கில் இன்னும் 1,20,000 ரூபாய் எடுக்க இடம் இருக்கும். மீதி 1,50,000 ரூபாய்க்கு மட்டும், 12 பவுனையும் கொடுக்காமல், தேவையான அளவு நகையை வங்கியில் அடகு வையுங்கள். 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,250 ரூபாய். காப்பீட்டுப் பணம் வந்தால் அதைக் கொண்டு முதலில் நகையை மீட்டுவிடுங்கள்.

மையத்திடம் ஆறு வாரப் பணத்தை ஒரே முறை கட்டாமல் வாரந்தோறும் கட்டுவதாகப் பேசுங்கள். ஒவ்வொரு வார முடிவிலும் அவரால் புதிதாக என்ன செய்ய முடிகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசி இரண்டு வாரங்களில் மட்டும் நீங்களே துணைக்கு நின்று பயிற்சி பெறுங்கள். அதற்கு முன் உறவினர் ஒருவர் நிற்கட்டும், உங்கள் சம்பளமும் இப்போது தேவை. எண்ணெய் தடவச் சொன்ன உறவினர்களிடமே இந்த உதவியைக் கேட்கலாம், அக்கறை இல்லாமல் அவர்கள் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். வீடு திரும்பிய பின், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். குறைபாடு நீடித்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

விளையைப் பொறுத்தவரை, அவசரத்தில் விற்பவரின் முகத்தைப் பார்த்தே விலை பேசுவார்கள். நம்பிக்கையான ஒரு பால்வெட்டுத் தொழிலாளியிடம் பங்குக்கு வெட்டக் கொடுங்கள். வருமானம் குறையும், ஆனால் நிற்காது. ஒட்டுப்பாலும் (வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பால்) கணக்கில் சேரும் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். ரப்பர் ஷீட் விற்ற சீட்டுகளைக் கணவரிடமே கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். அதை அவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே இந்த வாரமே தொடங்கலாம்.