சிங்கப்பூரில் காசு செலவழிக்காமல் நடக்க, ஓட, மலை ஏற: கேள்வி பதில்

விலைவாசிக்குப் பேர்போன இந்தத் தீவில் காடும் கடற்கரையும் ஆற்றங்கரையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை "எந்தப் பாதை நல்லது?" என்றே தொடங்குகின்றன. "எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்?" என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி. இந்த வெயிலிலும் புழுக்கத்திலும், காலை ஏழு மணிக்கு இனிக்கும் பாதை பதினொரு மணிக்கு ஆளைச் சாய்த்துவிடும். பதில்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, துவாஸில் தங்குவிடுதியில் இருக்கிறேன். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போய்ச் சாமான் வாங்கிவிட்டுத் திரும்புவதோடு நாள் முடிந்துவிடுகிறது. காலாற நடக்க ஓர் இடம் சொல்லுங்களேன்.

இரண்டு இடம் சொல்கிறேன் தம்பி. முதலாவது உங்கள் வழியிலேயே இருக்கிறது. துவாஸிலிருந்து வரும் பச்சை எம்ஆர்டி ரயில் தடத்தில் லேக்சைட் நிலையத்தில் இறங்கினால் ஜூரோங் ஏரித் தோட்டம். 90 ஹெக்டேர் பரப்பு; நுழைவுக் கட்டணம் இல்லை. தண்ணீருக்கு மேலே போட்ட பலகைப் பாதை, புல்வெளி, மரநிழல் எல்லாம் உண்டு. சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் 2024இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டன. அவற்றுக்கும் டிக்கெட் கிடையாது. காலையில் இங்கே நடந்துவிட்டு, அப்படியே தேக்காவுக்குப் போகலாம்.

இரண்டாவது, தேக்காவிலிருந்தே தொடங்குவது. ரோச்சோர் கால்வாய் பக்கத்தில்தான் ஓடுகிறது. அதன் கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கல்லாங் ஆற்று முகத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து தெற்கே திரும்பி, தண்ணீரை விட்டு விலகாமல் போனால் சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தைக் கடந்து மரினா பே. மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் விளக்குகள் ஏற்றும் நேரத்துக்கு ஹீலிக்ஸ் பாலத்தில் நிற்கலாம். வளைகுடாவைச் சுற்றி வர மூன்றரைக் கிலோமீட்டர். சாமான் மூட்டையோடு நடக்க வேண்டாம், கடையில் வாங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். கார்ப் பந்தயம் நடக்கும் வாரங்களில் மட்டும் அந்தப் பக்கம் வேலி போட்டு அடைத்திருப்பார்கள்.

புக்கிட் தீமா 163 மீட்டர்தானே? வரும் சீசனில் வெள்ளியங்கிரி ஏறலாம் என்றிருக்கிறேன். இந்தக் குன்றில் பயிற்சி செய்து என்ன பயன்?

நிறையப் பயன் இருக்கிறது. உயரத்தைப் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள். பியூட்டி வோர்ல்ட் நிலையத்திலிருந்து நடந்து வந்து, பார்வையாளர் மையத்தைத் தாண்டியதும் தார்ச்சாலை நெட்டுக்குத்தாக எழும்புகிறது. முதல் முறை வருபவர்கள் பேச்சை நிறுத்துவது அந்த இடத்தில்தான். உச்சியில் 163.63 மீட்டர் என்று பொறித்த பாறை இருக்கும். அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவது ஒரு சுற்று. சனி, ஞாயிறுகளில் முதுகில் கனத்த பையோடு திரும்பத் திரும்ப ஏறி இறங்குபவர்களைப் பார்ப்பீர்கள். மலேசியாவின் கினபாலு மலைக்கோ இமயமலைக்கோ தயாராகிறவர்கள் அவர்கள்.

வெள்ளியங்கிரியில் ஏழாவது மலைக்கு ஏறுவதைவிடக் கடினம், திரும்பி இறங்குவது. தொடை நடுங்கும், முட்டி பேசத் தொடங்கும். ஆகவே இங்கே தார்ச்சாலையில் ஏறிப் படிக்கட்டு வழியாக இறங்குங்கள். படிகள் ஒரே உயரமாக இருக்காது. சில முழங்கால் அளவு வரும். அதுவே உங்களுக்கு வேண்டியது. வாரம் ஒரு நாள் இரண்டு சுற்றில் தொடங்கி, உடம்பு கேட்கிறபடி கூட்டுங்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்கத்தான் போகிறீர்கள். இங்கேயே கம்போடு இறங்கிப் பழகினால் அங்கே தடுமாற்றம் இருக்காது. பயிற்சியைக் கடைசி நாள்வரை இழுக்காமல், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

காட்டுப் பகுதி காலை 7 முதல் மாலை 7 வரைதான் திறந்திருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நுழையக் கூடாது.

காலை ஐந்து மணிக்குத்தான் எனக்கு நேரம். பெண் தனியாக ஓடலாமா?

நானும் ஒரு பெண்ணாகத்தான் பதில் சொல்கிறேன்: ஓடலாம், இடத்தைப் பார்த்து. இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் எழும். எனவே ஐந்து மணி என்பது நல்ல இருட்டு. அந்த நேரத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காதான் என் முதல் தேர்வு. சுமார் 15 கிலோமீட்டர் கடற்கரை, விளக்கு வெளிச்சம், கழிப்பறை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்கள். மீன் பிடிப்பவர்கள், சைக்கிள்காரர்கள், கூடாரத்தில் தூங்கி எழுபவர்கள் என்று எப்போதும் யாராவது இருப்பார்கள். சைக்கிள் பாதையும் நடைபாதையும் தனித்தனி. வெள்ளைக்கோடு தெரியாத இருட்டிலும் சைக்கிள் பக்கம் நுழைந்துவிடாதீர்கள். அதிவேகமாக வருவார்கள். பிஷான் பூங்காவும் உங்கள் புளோக்கை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதையும் அடுத்த தேர்வு.

நடைபாதையாகிவிட்ட பழைய ரயில் பாதையில் எல்லா இடத்திலும் விளக்கு இல்லை. அதை விடிந்த பிறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காதிலும் பாட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஊரில் பயப்பட வேண்டியது குறைவுதான். ஆனாலும் இருட்டில் கால் இடறி விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும் அல்லவா?

ரயில் பாதை, ரயில் பாதை என்கிறார்கள். அங்கே ரயில் ஓடுகிறதா?

ஓடியது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை, மலேசியாவுக்குப் போன ரயில் தடம் அது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, 24 கிலோமீட்டர் நிலத்தையும் கட்டடமாக்காமல் நடைபாதையாக விட்டார்கள். சதுர அடிக்கு விலை பேசும் ஊரில் எடுத்த அந்த முடிவை நினைத்து ஒவ்வொரு முறையும் மகிழ்கிறேன். மலாயா ரயில்வேயில் எத்தனையோ தமிழர்கள் தண்டவாளம் போட்டும் சிக்னல் பார்த்தும் வாழ்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தடத்தில் ஓடுகிறார்கள்.

ரயிலுக்குப் போட்ட பாதை என்பதால் மேடு பள்ளம் மிகக் குறைவு. சிக்னலில் நிற்க வேண்டிய இடங்களும் அரிது. ஓட்டம் பழகுகிறவருக்கு இதைவிடத் தோதான தரை இங்கே இல்லை என்பது என் கருத்து. முதல் தடவை கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கி ஹில்வியூ பக்கம் போங்கள். தொடக்கத்தில் ஓர் இரும்புப் பாலம், முடிவில் ஓர் இரும்புப் பாலம், நடுவே புக்கிட் தீமாக் காட்டின் ஓரம். பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தைப் பழுதுபார்த்து 2022இல் திறந்தார்கள். செங்கல் சுவரும் பெயர்ப் பலகையும் அப்படியே இருக்கின்றன. நின்று பாருங்கள். பெருமழைக்கு மறுநாள் சில இடங்களில் சேறு இருக்கும், புதுக் காலணியோடு போகாதீர்கள்.

ஒன்பது வயது மகனோடு மெக்ரிட்சி தொங்குபாலத்துக்குப் போகலாமா? குரங்குகள் பயமாக இருக்கின்றன.

பாலம் அருமையானது. 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம். மரங்களின் தலைக்கு நேராக நடப்போம். ஆனால் நீர்த்தேக்கத்திலிருந்து போய்த் திரும்பப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். வழியில் கடை கிடையாது. பழகாத பிள்ளைக்கு அது அதிகம். திங்கட்கிழமை பாலத்தை மூடிவிடுவார்கள், பராமரிப்புக்காகவும் மூடுவதுண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். முதலில் ஏரிக்கரைப் பலகைப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். உடும்பு, ஆமை, அணில் எல்லாம் கண்ணில் படும்.

குரங்கு உங்கள் மகனைத் தேடி வருவதில்லை, பிளாஸ்டிக் பையின் சரசரப்பைத் தேடி வருகிறது. கையில் பை வேண்டாம். தின்பண்டம் முதுகுப் பையில், ஜிப் மூடியபடி இருக்கட்டும். எதிரில் வந்தால் கண்ணைப் பார்க்காமல், ஓடாமல், ஒதுங்கி நடங்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அபராதத்தைவிட முக்கியம், தீனிக்குப் பழகிய குரங்குதான் அடுத்து வரும் குழந்தையின் பையைப் பறிக்கிறது.

டைனோசர் பிடிக்கும் பையனாக இருந்தால் வேறொரு யோசனை. சாங்கி விமான நிலையத்திலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போகும் இணைப்புப் பாதையில் பெரிய பெரிய டைனோசர் சிலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணமில்லை.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். காடு பார்க்க ஆசைப்படுகிறார். வழி உண்டா?

உண்டு, நன்றாகவே உண்டு. தெற்கு மலைத்தொடர்ப் பாதையில் தெலுக் பிளாங்கா குன்றிலிருந்து அலெக்சாண்ட்ரா வளைவுப் பாலம் வரை வரும் வனநடைப் பாதையைத் தேடிப் போங்கள். 1.3 கிலோமீட்டர், முழுக்க இரும்புப் பாலம், ஒரு படிகூடக் கிடையாது. வளைந்து வளைந்து மெல்லச் சரிவதால் தள்ளுவது எளிது. ஆனால் மேலிருந்து கீழே வாருங்கள். கீழிருந்து தள்ளிக்கொண்டு ஏறினால் உங்களுக்கு மூச்சு வாங்கும். தளம் இரும்பு வலையால் ஆனது, கால்களுக்குக் கீழே மரக்கிளைகள் தெரியும். சில பெரியவர்களுக்கு அது தலைசுற்றும். அப்போது பார்வையைத் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மேலே போகும்போதே ஹென்டர்சன் வேவ்ஸ் பாலத்தையும் காட்டிவிடுங்கள். சாலைக்கு 36 மீட்டர் மேலே, அலைபோல் நெளியும் மரத்தளம். காலை எட்டு மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது.

மழை வந்தால் என்ன செய்வது?

மழையில் நனைந்து ஓடலாம். இடியில் கூடாது. சிங்கப்பூரில் மின்னல் மிக அதிகம். இடிச்சத்தம் கேட்ட உடனே கடற்கரையையும் திடலையும் விட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ எம்ஆர்டி நிலையத்துக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி, தனியாக நிற்கும் சிறு கூரை இரண்டும் வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில் மேற்கே திடீரென்று கறுத்துக் காற்றோடு கொட்டும் மழையைச் சுமத்ரா என்பார்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், காத்திருந்தால் போதும். ஆனால் பலத்த காற்றுக்குப் பிறகு அன்றைக்குக் காட்டுப் பாதைக்குப் போகாதீர்கள், கிளை முறிந்து விழும்.

புகைமூட்ட நாள்களில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எல்லாமே இலவசமா? எங்கேயும் காசு கேட்கமாட்டார்களா?

மேலே சொன்ன எதற்கும் கேட்கமாட்டார்கள். தாவரவியல் பூங்கா இலவசம், அதனுள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை த பே) வெளிப்பகுதி இலவசம், கண்ணாடிக் கூடங்களுக்கும் உயரத்து நடைபாலத்துக்கும் கட்டணம். சுங்கை பூலோ சதுப்பு நிலம் இலவசம்; முதலை இருக்கிறது, பாதையை விட்டு இறங்காதீர்கள். புலாவ் உபின் தீவில் நடப்பதற்குக் காசில்லை, படகுக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீருக்கும் செலவில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். போத்தலை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

நீண்ட தூரம் ஓட?

ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டர் கரையிலிருந்து கரைக்குப் பாதை. ஒரே மூச்சில் வேண்டாம், பாதியில் எம்ஆர்டி ஏறித் திரும்பும்படி திட்டமிடுங்கள்.

வயது 68. இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறேன் தங்கச்சி. தனியாகப் போக அலுப்பாக இருக்கிறது. கூட்டத்தோடு போனால் பின்தங்கிவிடுவேனோ என்று தயக்கம்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடக்கும் பார்க்ரன்னுக்குப் போங்கள் அண்ணே. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை. பேர்தான் ஓட்டம், முழுதும் நடப்பவர்கள் நிறைய வருகிறார்கள். எல்லோருக்கும் கடைசியில் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் நடப்பார், அதனால் நீங்கள் கடைசி ஆளாக ஆகவே முடியாது. நெஞ்சுவலி, சர்க்கரை என்று ஏதேனும் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் ஒரு முறை பதிவு செய்தால் பார்கோடு கிடைக்கும். அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள், கைப்பேசித் திரை வியர்வையில் சரியாக வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை இரவே பிள்ளைகளிடம் சொல்லிப் பதிவை முடித்துவிடுங்கள்.