மலிவான படலத்தால் பேனலும் மலிவாகுமா?

கேள்வி: பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் படிகப் பொருளால் ஆன சோலார் பேனல்களை, இன்று வழக்கத்திலுள்ள சிலிக்கான் பேனல்களைவிட மிகக் குறைந்த செலவில் தயாரித்துவிடலாம் என்கிறார்களே, உண்மைதானா?

பதில்: ஒளியை மின்சாரமாக மாற்றும் படலத்தை மட்டும் கணக்கிட்டால் உண்மைதான். முழுப் பேனலுக்கும் அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சிலிக்கானுக்கு ஆகும் செலவில் கணிசமான பங்கு வெப்பத்துக்குப் போகிறது. குவார்ட்ஸைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் ஏறத்தாழ 2,000 டிகிரி செல்சியஸில் காய்ச்சிச் சிலிக்கானைப் பிரித்து, அதை வாயுச் சேர்மமாக மாற்றித் தூய்மைப்படுத்தி, மறுபடியும் 1,414 டிகிரிக்கு மேல் உருக்கி ஒற்றைப் படிகமாக இழுத்து, மெல்லிய கம்பிகளால் வில்லைகளாக அறுக்க வேண்டும். அரும்பாடுபட்டுத் தூய்மையாக்கிய பொருளில் ஒரு பகுதி அறுக்கும்போதே தூளாகிவிடுகிறது. பெரோவ்ஸ்கைட்டையோ கரைசலாகப் பூசி, 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கினாலே படிகமாகிவிடும். அதற்கு அரை மைக்ரான் தடிமன் போதும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிலிக்கான் வில்லையின் தடிமன் 150 மைக்ரானை ஒட்டியது.

ஆனால் கண்ணாடி, உறைப்பூச்சு, சட்டம், இணைப்புப் பெட்டி ஆகிய செலவுகள் படலம் மலிவானதால் குறைவதில்லை. பெரோவ்ஸ்கைட்டுக்கு மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடியும் தேவை. ஆய்வகக் கலங்களில் (கலம் என்பது பேனலின் அடிப்படை அலகு) பரவலாகப் பயன்படும் தங்க மின்முனை பெருந்தொழிற்சாலைக்குக் கட்டுபடியாகாது. ஈரம் பட்டால் சிதையக்கூடிய பொருள் என்பதாலும், இன்றைய சிறந்த கலங்களில் ஈயம் இருப்பதாலும் உறையில் சிக்கனம் பார்க்கவும் வழியில்லை.

செலவு ஒப்பீடுகளில் பலரும் விட்டுவிடுவது ஆயுளை. எனக்கு அதுவே முதன்மையான கணக்கு. சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது. அதன் பாதி விலைக்குக் கிடைக்கும் ஒரு பேனல் 10 ஆண்டுகளே உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதே 25 ஆண்டுகளுக்கு அதை மூன்று முறை வாங்க நேரும். மொத்தச் செலவு ஒன்றரை மடங்காகும், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும் கூலி தனி. 2009இல் 3.8 விழுக்காடாக இருந்த பெரோவ்ஸ்கைட் கலத்தின் திறன், அதாவது மேலே விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, இன்று 26 விழுக்காட்டைத் தாண்டியிருப்பது வியப்புக்குரிய வளர்ச்சியே என்றாலும், இந்த ஆயுள் கணக்கை அது மட்டும் ஈடுசெய்துவிடாது.

ஆகவே சிலிக்கானுக்கு மாற்றாக அன்றி, அதன் மேலேயே பெரோவ்ஸ்கைட்டைப் பூசும் அடுக்குக் கலங்களையே நான் நம்பிக்கையோடு பார்க்கிறேன். தனிச் சிலிக்கான் கலத்தின் கோட்பாட்டு உச்சம் ஏறத்தாழ 29 விழுக்காடு. 2024இல் சீனாவின் லோஞ்சி நிறுவனத்தின் அடுக்குக் கலம் 34.6 விழுக்காட்டை எட்டியது. அதே கண்ணாடி, அதே சட்டம், அதே இடத்திலிருந்து கூடுதல் மின்சாரம் கிடைப்பதால் ஒரு யூனிட்டின் செலவு குறையக்கூடும்; அதற்கு மேலடுக்கும் அடியிலுள்ள சிலிக்கான் உழைக்கும் காலம்வரை உழைத்தாக வேண்டும்.