கரையேற்றிய பழைய படகில் முதல் வேலை எது?

கேள்வி: நாற்பது ஆண்டுகள் பழமையான, 28 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். குளிர்காலத்தில் கரையேற்றி, உள்ளறை மரவேலை, மெத்தைகள், வண்ணப்பூச்சு மூன்றையும் முடித்து, வசந்தத்தில் நீரில் இறக்க விரும்புகிறேன். இந்தத் திட்டம் சரிதானா?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்றுமே கடைசியில் வர வேண்டியவை. படகைத் தூக்கிய அன்றே அடிப்பகுதியைக் கழுவிப் பார்த்துவிடுங்கள். பாசி ஈரமாக இருக்கும்போது எளிதில் உரிந்துவிடும். காய்ந்தபின் சுரண்டுவது பெரும்பாடு. கண்ணாடியிழையில் நீர் ஊறியதால் எழும் கொப்புளங்களும், படகு சாயாமல் காக்க அடியில் பொருத்தப்பட்ட கனமான கீல் (keel) உடலோடு இணையும் கோட்டில் வழியும் துருக்கறையும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள வால்வுகளைச் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு எஞ்சியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட வால்வு ஒரு நாள் கையோடு முறிந்து வரும். அதை மாற்றுவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எஞ்சின் பராமரிப்பை முதல் உறைபனிக்கு முன்பே முடித்துவிடுங்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதால், குளிரூட்டும் குழாய்களில் தேங்கிய நீரே எஞ்சினைப் பிளந்துவிடக்கூடும்.

உங்கள் குளிர்காலத்தில் பெரும்பகுதியை விழுங்கப்போவது மேல்தளம்தான். அக்காலப் படகுகள் பலவற்றில், இரண்டு கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துத் தளம் அமைத்தார்கள். கைப்பிடிக் கம்பிகளும் கயிறு சுற்றும் உருளைகளும் திருகப்பட்ட துளைகளின் வழியே நீர் இறங்கி, அந்த மரம் ஓசையின்றி மக்கிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் தலையுள்ள சிறு சுத்தியலால் தளம் முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள்; கணீரென்ற ஒலி மங்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். மக்கிய மரத்தை அகற்றி, எஞ்சியதை நன்றாக உலரவிட்ட பிறகே எபாக்சி என்னும் இறுகும் பிசினால் நிரப்ப வேண்டும். உலர்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். பல எபாக்சி வகைகள் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே சரிவர இறுகுவதும் இல்லை. ஆகவே இவ்வேலையை இலையுதிர் காலத்திலேயே தொடங்குங்கள். முடியாவிட்டால் கூடாரம் அமைத்து மின்சூடேற்றியால் வெப்பமூட்டுங்கள். எரிவாயு அடுப்பை அங்கே வைக்காதீர்கள். எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகும்; நீங்கள் விரட்ட முயலும் ஈரத்தையே அது திரும்பக் கொண்டுவரும். மூடிய இடத்தில் அதன் புகை உயிருக்கே ஆபத்து.

பாய்மரத்தை இறக்கிவிடுவது நல்லது. அதைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லையெனில், மாற்றிவிடுவதே என் பரிந்துரை. அக்கம்பிகள் படகோடு பிணையும் உலோகப் பட்டைகளில் ஒன்றையாவது முழுதாகக் கழற்றிப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றிருந்தாலும், தளத்துக்குள் காற்றுப்படாமல் ஈரத்தில் மறைந்திருக்கும் பகுதி அரிக்கப்பட்டிருக்கலாம்.

மெத்தைகளையும் அலமாரிக் கதவுகளையும் இப்போதே கழற்றி வீட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். கடுங்குளிரில் படகில் வேலை செய்ய இயலாத வாரங்களில் அவற்றைப் பழுதுபார்க்கலாம்; படகினுள்ளும் காற்றோட்டம் கூடும். வெளிவண்ணத்தை வெயில் வந்த பிறகு பூசுங்கள். தளத்துப் பழுது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால், வண்ணப்பூச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை.