காப்பகத்துக்குப் பழைய கணினி: கேட்டவர்களுக்குப் பதில்

சென்னையில் வீடற்றோர் காப்பகங்களுக்குப் பழைய கணினிகளைச் சரிசெய்து கொண்டுபோய் வைக்கும் வேலையில் சில வருஷமாக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில்.

தெருவில் படுப்பவருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? போன் போதாதா?

போன் அவர்களிடம் தங்குவதில்லை. தூங்கி எழுந்தால் காணோம், இருந்தாலும் சார்ஜ் போட இடமில்லை, ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பரே போய்விடும். நம்பர் போனால் ஆதார் ஓடிபி வராது, பழைய கம்பெனியில் பிடித்த பிஎஃப் பணம்கூட அப்படியே கிடக்கும். அதனால் முதலில் ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைத்துப் புது நம்பரை ஏற்றுகிறோம், அப்புறம்தான் கணினி. விண்ணப்பம் நிரப்ப, சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்ற, பயோடேட்டா அடிக்கப் பெரிய திரை வேண்டும். மேஜைமேல் இருப்பதால் அது தொலையவும் தொலையாது.

ஆதாருக்கு முகவரி கேட்பார்களே?

அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றை ஏற்றுக்கொள்கிறார்கள். இது பல பேருக்குத் தெரியாமலே இருக்கிறது.

2016-இல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 11 ஏறவில்லை. வாங்கிக்கொள்வீர்களா?

தாராளமாக. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது, அதனால் நல்ல மெஷின்களையே அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன. ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி (பழைய ஹார்டு டிஸ்க்கைவிட வேகமானது) வாங்கிப் போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் இன்னும் பல வருஷம் ஓடும். சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள், பயாஸ் பாஸ்வேர்டு (விண்டோஸ் வருவதற்கு முன்பே மெஷின் கேட்பது) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஃபார்மட் செய்தால் போதுமா?

போதாது. சும்மா ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து படங்களைத் திரும்ப எடுத்துவிடலாம். டிஸ்க் முழுக்க வேறு டேட்டாவை மேலெழுதி அழியுங்கள், பயமாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

நிஜமாகவே யாராவது குடும்பத்தோடு சேர்ந்தார்களா?

ஒரு பெரியவருக்கு வீட்டு நம்பர் எதுவும் ஞாபகமில்லை, ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். சாட்டிலைட் மேப்பைத் திறந்து வைத்தோம். ஏரிக்கரையை விரலால் தடவிக்கொண்டே போனவர், 'இதான் ஸ்கூலு, இதுக்குப் பின்னாடி எங்க தெரு' என்றார். பள்ளியின் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினோம், மறுநாள் காலை அவர் தம்பி வீடியோவில் வந்தார். 'சாப்டியா?' என்றுதான் முதலில் கேட்டார். பெரியவர் ஊருக்கு உடனே போகவில்லை, நாலு மாசம் வாட்ச்மேன் வேலை பார்த்து, கையில் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டுதான் போனார்.

எங்கே கொடுப்பது?

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, இருபத்திநாலு மணி நேரமும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னதை ஒட்டி நகரங்களில் காப்பகங்கள் வந்தன. உங்கள் மாநகராட்சியில் கேளுங்கள். கொடுக்கும் முன்னால் இன்டர்நெட்டும் பூட்டக்கூடிய அறையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணமோ மெஷினோ இல்லை, சொல்லித்தர வரலாமா?

கட்டாயம் வாருங்கள், அதற்குத்தான் ஆளே இல்லை. வேலைக்குப் போனவர்கள் திரும்பிவரும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும், ஆனால் அந்த நாள் மாறக்கூடாது, உங்களுக்காகக் காத்திருப்பார்கள். மவுஸை மட்டும் நீங்கள் பிடிக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் அது அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.