ஜாமீன் கட்டியும் ‘ஐஸ் ஹோல்ட்’ என்று தம்பியை விடவில்லையா?

அந்த ஹோல்ட் நீதிமன்ற உத்தரவு இல்லை. ஐஸ் எனப்படும் அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறை கவுண்டி (மாவட்ட) சிறைக்கு அனுப்பும் வேண்டுகோள் அது. ஜாமீன் ஏற்கப்பட்டு அவர் வெளியே வந்திருக்க வேண்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குள் ஐஸ் வந்து அழைத்துப் போகாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

தம்பி இருக்கும் சிறை டெக்சாஸ் மாநிலத்தில் என்றால், அவரை விடாததற்குக் காரணம் அதுதான். 2017-இல் வந்த எஸ்.பி.4 என்ற மாநிலச் சட்டப்படி அங்கே சிறைகள் இந்த வேண்டுகோளை ஏற்றே ஆக வேண்டும். கலிபோர்னியாவில் நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறு.

இப்போதே சிறைக்கு போன் செய்து, ஜாமீன் ஏற்கப்பட்ட நேரத்தை மணி நிமிடத்தோடு கேட்டு எழுதி வையுங்கள். ஐஸ் அந்த வேண்டுகோளை அனுப்பும் ஐ-247ஏ படிவத்தின் நகலைத் தம்பியிடம் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். கொடுத்தால்தான் அது செல்லும் என்று அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. கூடவே ஒரு வாரண்டும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் குடிவரவு அதிகாரி, நீதிபதி அல்ல. ‘வாரண்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் இங்கேதான் மனம் உடைந்து போகிறார்கள், பாவம்.

48 மணி நேரம் தாண்டினால், தம்பியை விடச் சொல்லி வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று: ஐஸ் கொண்டுபோய்விட்டால் தம்பி கிரிமினல் வழக்கின் வாய்தாவுக்கு வர முடியாமல் போகலாம், ஜாமீன் பணமும் போகலாம். கிரிமினல் வழக்கு, குடிவரவு வழக்கு இரண்டையும் பார்க்கும் வக்கீல்களை இன்றே ஒருவரோடொருவர் பேச வையுங்கள். அவர்களைக் கேட்காமல் தம்பி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.