30 நாளில் 13 நாடுகள்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

பொள்ளாச்சியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கோவையில் வேலை. செப்டம்பரில் ஒரு மாதம் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் வாடகைக்குக் கார் எடுத்துத் தனியாகச் சுற்றி வரவேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. பாரிஸில் தொடங்கி ஆம்ஸ்டர்டாமில் முடிகிற மாதிரி 13 நாடுகளுக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். அட்டவணையை இணைத்துள்ளேன். வண்டி ஓட்டுவதில் பயமில்லை, வால்பாறைக்கு எத்தனையோ முறை நானே ஓட்டிப் போயிருக்கிறேன்.

ஆனாலும் சில குழப்பங்கள். ஐரோப்பாவில் ரயிலே போதும், கார் தண்டச்செலவு என்கிறார்கள் நண்பர்கள். அம்மா “தனியாவா?” என்று கேட்டதோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குள்ளும் ஒரு பயம். ஒரு மாதம் யாரிடமும் மனம்விட்டுப் பேசாமல் இருக்க முடியுமா? இத்தனை செலவு செய்து போய், போனேன் வந்தேன் என்று ஆகிவிடுமோ? நீங்கள் அந்தப் பக்கம் கார் ஓட்டியவர் என்பதால் கேட்கிறேன்.

எம்.,
கோவை

அன்புள்ள எம்.,

கட்டாயம் போய்வாருங்கள். ஆனால் இந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அதில் ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஊர். பிராகுக்கு அரை நாள், வியன்னாவுக்கு ஒரு மாலை. இந்தக் கணக்கில் ஓடினால் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்குகளைத்தான். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. பாரிஸ், வியன்னா, ஃப்ளோரன்ஸ் போன்ற நகரங்களுக்குள் கார் ஒரு சுமை. நிறுத்த இடம் கிடைக்காது, கிடைத்தாலும் அதன் வாடகை அறை வாடகையை எட்டிப் பிடிக்கும். இத்தாலியப் பழைய நகரங்களின் நடுப்பகுதிகளில் வெளிவண்டி நுழையத் தடை உண்டு. நுழைவாயில் கேமரா எண் பலகையைப் படம் பிடித்துக்கொள்ளும். அபராதச் சீட்டு, கார் கொடுத்தவர்கள் வழியாக, மாதங்கள் கழித்து கோவைக்கு வந்து சேரும்.

ரயில் போகாத ஊர், கடைசிப் பேருந்து மாலை ஐந்து மணிக்கே போய்விடும் பள்ளத்தாக்கு, மலைக்கணவாய் இவற்றுக்காகத்தான் கார். நகரங்களை ரயிலுக்கு விட்டுவிடுங்கள். பாரிஸைப் பார்த்துவிட்டு ரயிலில் ஸ்ட்ராஸ்பூர் போங்கள், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. காரை அங்கே எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் அதற்குத் தனியாகப் பெரிய தொகை வாங்குவார்கள். கூடுதல் காசு போனாலும் ஆட்டோமேட்டிக் வண்டியாகக் கேளுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டப் பழகுவதே போதும், வலது கையால் கியர் போடவும் சேர்த்துப் பழக வேண்டாம்.

எங்கே போவது என்பதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். நாடுகளை எண்ணாமல் எல்லைகளைப் பின்தொடர்ந்து போங்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் லட்சக்கணக்கானவர்கள் எந்தக் கோடுகளுக்காகச் செத்தார்களோ, அந்தக் கோடுகளை இன்று காரின் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கடக்கிறோம். ஐரோப்பாவில் ஓட்டும்போது என்னை மிகவும் அசைத்தது இதுதான். இது அருங்காட்சியகத்தில் புரியாது, சாலையில்தான் புரியும்.

முதலில் பிரான்ஸின் வெர்டன். முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் மோதிய இடம். அங்கே ஃப்ளூரி என்றொரு கிராமம் இருந்தது. 1911 கணக்கெடுப்பில் 422 பேர். போரில் தரைமட்டமாகி, பிறகு கட்டப்படவே இல்லை. இன்றும் அந்த ஊருக்கு ஒரு மேயரை அரசு நியமிக்கிறது. நடந்து பார்த்தால் தரையில் ஒரு சாண் சமதளம் கிடையாது. குண்டு விழுந்த குழிகள்மேல் புல் முளைத்து அலை அலையாகக் கிடக்கிறது நிலம். நடுநடுவே சிறு அடையாளக் குறிகள்: இங்கே ரொட்டிக்கடை, இங்கே கொல்லன் பட்டறை. பக்கத்தில் டூவாமோன் எலும்பு மண்டபம். அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 வீரர்களின் எலும்புகள் அங்கே உள்ளன. இரண்டு தரப்பும் கலந்துதான் கிடக்கிறார்கள். வெளிச்சுவரில் தரையோடு ஒட்டிய சிறு ஜன்னல்களில் குனிந்து பார்த்தால் தெரியும்.

1984 செப்டம்பரில் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஹெல்முட் கோலும் அந்த மண்டபத்துக்கு முன்னால் கைகோத்து நின்றார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, மோசெல் ஆற்றில் ஒரு படகின்மேல் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக விலக்கிக்கொள்வது என்ற ஒப்பந்தம் அது. படகு நின்ற கரையிலிருந்த லக்ஸம்பர்க் கிராமத்தின் பெயர் ஷெங்கன். உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டப்போகும் விசாவின் பெயர் அந்த ஊருடையது. வெர்டனிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம். திராட்சைத் தோட்டச் சரிவு, ஆறு, ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனியின் பெர்ல். அங்கிருந்து சற்றுத் தெற்கே நடந்தால் பிரான்ஸின் அபாக். மூன்று நாடுகளையும் கால்நடையாக முடித்துவிடலாம். பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. முதல் நாள் வெர்டனைப் பார்த்துவிட்டு மறுநாள் இங்கே வருபவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பிறகு பிரான்ஸின் கிழக்கு ஓரமான அல்சாஸ் வழியாகத் தெற்கே. 1871க்கும் 1945க்கும் இடையில் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே நான்கு முறை கைமாறிய நிலம் அது. ஸ்விட்சர்லாந்துக்குள் நுழைந்ததும் காட்ஹார்ட் கணவாய். 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலை 1980 முதல் இருக்கிறது. அதற்குள் போய்விடாதீர்கள். மேலே ஏறி, மறுபக்கம் டிரெமோலா என்ற பழைய கருங்கல் பாவிய சாலையில் இறங்குங்கள். ஸ்விஸ் பகுதியைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், செலவு கையைக் கடிக்கும்.

அடுத்தது இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய். இதற்கு நாள் ஒதுக்குங்கள். 1815இல் வட இத்தாலியின் லொம்பார்டி ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்ததும், அதை ஆள்வதற்கு ஆல்ப்ஸைத் தாண்டி ஒரு வழி தேவைப்பட்டது. கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் 1820க்கும் 1825க்கும் இடையில் போட்ட சாலை இது. உச்சி 2,757 மீட்டர். பிராட் என்ற ஊரிலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளைப் போல இங்கும் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, உங்கள் கைக்கு அந்நியமாக இருக்காது. காலை எட்டு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். பிறகு பைக்குகளும் மிதிவண்டிகளும் வளைவுகளை நிறைத்துவிடும். முதல் உலகப் போரில் இத்தாலிய, ஆஸ்திரியப் படைகள் இந்த உயரத்தில்தான் எதிரெதிராக இருந்தன. கணவாயிலிருந்து கொஞ்சம் நடந்தால் பதுங்குகுழிகள் இன்னும் இருக்கின்றன. போருக்குப் பிறகு கீழே உள்ள பள்ளத்தாக்கு இத்தாலிக்குப் போனது, மக்கள் இன்றுவரை பேசுவது ஜெர்மன். ஊர்ப்பலகைகளில் இரண்டு மொழியிலும் பெயர் இருக்கும்.

அங்கிருந்து கிழக்கே டோலமைட் மலைகளைக் கடந்து ஸ்லோவேனியாவின் விர்ஷிச் கணவாய். உயரம் 1,611 மீட்டர்தான், 50 வளைவுகள். ஏறும் பக்கத்தில் வளைவுகளில் மட்டும் கல் பாவியிருக்கும். சக்கரம் தடதடக்கும், மழையில் வழுக்கும். இத்தாலியப் போர்முனைக்குத் தளவாடம் கொண்டுபோவதற்காக ஆஸ்திரிய ராணுவம் ரஷ்யப் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட சாலை. 1916 மார்ச்சில் பனிச்சரிவு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்துபோனார்கள். உடனிருந்த கைதிகள் எட்டாவது வளைவுக்குப் பக்கத்தில் மரத்தில் ஒரு சிறு தேவாலயம் கட்டினார்கள், மேலே இரண்டு வெங்காய வடிவக் கூம்புகளோடு. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் போய்விடுகின்றன. நீங்கள் தனியாகப் போகிறீர்கள், அவசரப்படுத்த யாருமில்லை. நில்லுங்கள்.

கீழே சோச்சா ஆறு, மரகதப் பச்சையில். இந்த ஆற்றங்கரையில் 1915க்கும் 1917க்கும் இடையில் 12 சண்டைகள் நடந்தன. கோபரிட் ஊரில் அதற்கான அருங்காட்சியகம் இருக்கிறது. ஆற்றோடு இறங்கி வந்தால் இத்தாலியின் கொரிட்சியா, அதை ஒட்டி ஸ்லோவேனியாவின் நோவா கொரிட்சா. 1947இல் எல்லை வரைந்தபோது பழைய ஊர் இத்தாலிக்கும், அதன் ரயில் நிலையங்களில் ஒன்று யுகோஸ்லாவியாவுக்கும் போயின. நிலையத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்தின் நடுவே வேலி. 2004இல் அந்த வேலி எடுக்கப்பட்டது. இப்போது தரையில் ஒரு வட்டத் தகடு மட்டும். குழந்தைகள் அதன்மேல் மிதிவண்டியில் வட்டமடிக்கின்றன. 2025இல் இரண்டு ஊர்களும் சேர்ந்து ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருந்தன.

எல்லாம் அப்படியே நிலைத்துவிட்டது என்றும் நினைத்துவிடாதீர்கள். இத்தாலி 2023 அக்டோபரில் அதே ஸ்லோவேனிய எல்லையில் சோதனையை மறுபடி கொண்டுவந்தது. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஷெங்கனை நீங்கள் இப்போதே பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

இனி தனிமை. காரில் தனிமை தெரியாது. கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கும். அது வருவது இரவுச் சாப்பாட்டு மேசையில். சுற்றிலும் குடும்பங்கள், ஜோடிகள், எதிரே காலி நாற்காலி. முதல் வாரம் புதுமை தாங்கிக்கொள்ளும், இரண்டாவது வாரத்தில் அழுத்தும். அதற்கு நான் கண்ட மருந்து, ஒரே ஊரில் நான்கு இரவு தங்குவது. அல்சாஸில் ஒரு கிராமம், ஸ்டெல்வியோ அடிவாரத்தில் ஒன்று, சோச்சா கரையில் ஒன்று. வீட்டோடு சேர்ந்த விடுதியாகப் பாருங்கள். மூன்றாம் நாள் காலை ரொட்டிக்கடைப் பெண் நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்கள் ரொட்டியை எடுத்து வைப்பாள். தினம் ஊர் மாறினால் இது நடக்கவே நடக்காது. பேச ஆளில்லாத நேரத்தை ஃபோனால் நிரப்பிவிடாதீர்கள். அம்மாவிடம் தினம் ஒரு முறை பேசுங்கள், அது போதும்.

அம்மாவின் பயத்தை ஒதுக்கித் தள்ள வேண்டாம். ஆனால் அந்தச் சாலைகளில் மனிதர்களைவிட அசதிதான் ஆபத்து. மாற்றி ஓட்ட ஆள் இல்லாதவர் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, இருட்டுவதற்குள் அறையில் இருக்கவேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பெட்டி வெளியே தெரிகிற மாதிரி காரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவார்கள். வண்டி பழுதாகிச் சாலையில் இறங்க நேர்ந்தால் போட்டுக்கொள்ளும் பளபளக்கும் மஞ்சள் மேலங்கி டிக்கியில் இல்லாமல் ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எந்த நாட்டிலும் அவசர எண் 112. தங்கும் இடங்களின் முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நான்கு இரவுக்கு ஒரு முகவரி என்றால் அவருக்கும் நிம்மதி.

திரும்பும் வழி ஆஸ்திரியா. க்ரோஸ்க்ளாக்னர் மலைச்சாலையில் ஏறி டிரோல் போங்கள். செப்டம்பரில் கோடை மேய்ச்சல் முடிந்து மாடுகளை மலையிலிருந்து இறக்குவார்கள். சாலையை அடைத்துக்கொண்டு வரும், கழுத்தில் குடம் அளவு மணிகள். அந்தக் கோடையில் மந்தையில் உயிரிழப்பு எதுவும் இல்லையென்றால்தான் தலையில் பூ அலங்காரம். எஞ்சினை அணைத்துவிட்டு முழு மந்தையும் போகும்வரை காத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் ஆறேழு நாடுகள் வரும். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு இப்போதே ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், ஓராண்டு செல்லும். ஸ்லோவேனியாவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று கார் கொடுப்பவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விசாவை எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்கவேண்டும். புதிய அட்டவணையில் இரவுகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். புதிய அட்டவணை தயாரானதும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.