மத்தேராவுக்கு ஒரு நாள் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,
இத்தாலிக்குப் பத்து நாள் போகிறேன். ரோமும் வெனிஸும் எல்லோரும் போகிற இடங்கள். அதனால் தெற்கே பசிலிக்காத்தாவில் இருக்கும் மத்தேராவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஊர் என்றார்கள். ஒரு நாள் போதுமா? நல்ல படம் எடுக்க எங்கே நிற்க வேண்டும்?
ம.

அன்புள்ள ம.,
படத்துக்கு கிராவினா பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் நில்லுங்கள், ஊர் முழுக்கத் தெரியும். அதை விடுங்கள்.

'யாரும் கண்டுபிடிக்காத ஊர்' என்று எப்படி எழுத மனம் வந்தது? 1993இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது என்பதற்காகக் கேட்கவில்லை. அந்தச் சொல்லே தப்பு. சஸ்ஸி எனப்படும் அந்தப் பாறைக்குடைவு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் இருந்தார்கள். ஒரே குகைக்குள் பெற்றோர், பிள்ளைகள், கோவேறு கழுதை, கோழி. கூடவே மலேரியா. முசோலினி அரசால் பசிலிக்காத்தாவுக்கு ஒதுக்கி அனுப்பப்பட்ட எழுத்தாளர் கார்லோ லேவி, 1945இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அந்த வறுமையை எழுதினார். 1950இல் பிரதமர் தே காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952இல் சட்டம் வந்தது. சுமார் 15,000 பேரைப் புது வீடுகளுக்கு மாற்றினார்கள். தண்ணீரும் விளக்கும் கிடைத்தன, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பிறந்த இடத்துக்கு 'தேசத்தின் அவமானம்' என்று பேர் வைத்தார்களே! யாரோ கண்டுபிடித்ததால் வந்த பேர் அது.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்ணின் தாய், ஏழு வயதில் அங்கிருந்து வெளியேறியவர். எந்தக் குகையில் பிறந்தோம் என்பதை வெகுகாலம் யாரிடமும் சொன்னதில்லையாம். இப்போது அது ஓட்டல் அறை. மகள் மொழிபெயர்க்க, அவர் இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மர முத்திரையை எடுத்து வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அடியில் குடும்பத்தின் முதலெழுத்து செதுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் மாவை வீட்டில் பிசைந்து பொது அடுப்புக்கு அனுப்புவார்கள். பத்து வீட்டு ரொட்டி ஒன்றாக வேகும்போது மாறிவிடக் கூடாதே என்று ஆளுக்கொரு முத்திரை. வாங்கிப் பார்த்தேன். எழுத்தின் வெட்டுக்குள் பழைய மாவு கறுத்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டப் போனேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் போவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நாள் போதாது. இரண்டு இரவாவது தங்குங்கள். காலையில் எழுந்ததும் ரொட்டிக் கடைக்குப் போங்கள்.